விசுவாசத்துக்கு வந்த பிறகு எழுத வேண்டும் போல் இருந்தால்

கேள்வி இதுதான்: "கொஞ்ச காலத்துக்கு முன்புதான் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் வந்தேன். பள்ளிக்கூடக் கட்டுரைகளைத் தவிர இதுவரை எதுவும் எழுதியதில்லை. இப்போது ஜெபம் முடிந்து எழுந்தால் எதையாவது எழுத வேண்டும் போல் இருக்கிறது. இது தேவன் கொடுக்கிற ஏவுதலா, புது உற்சாகமா? இறையியல் படிக்காத நான் எழுதலாமா? எழுதினால் எல்லாமே பக்தி எழுத்தாகத்தான் இருக்க வேண்டுமா?"

புது உற்சாகமாகவே இருக்கட்டும், அதனால் பாதகம் ஒன்றும் இல்லை. உற்சாகம் இல்லாமல் எவரும் பேனாவை எடுப்பதில்லை.

விசுவாசம் ஒருவருக்கு எழுதுவதற்கான விஷயத்தைக் கொடுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஷயம் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. விசுவாசம் புதிதாகக் கொடுப்பது, நாம் சொல்வதைக் கேட்பதற்கு ஒருவரை. தனியாக உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம், அன்று நடந்ததைச் சொல்லப் பழகியிருக்கிறீர்கள். எழுதுகிறவன் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஜெபம் முடிந்த கையோடு எழுதத் தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை. பேச்சு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மிகப் பழைய, மிகத் தெளிவான உதாரணம், ஆதிச் சபையின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான அகுஸ்தீன். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் மனம் மாறினார், 387இல் ஞானஸ்நானம் பெற்றார். தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலை எழுத உட்கார்ந்தபோது பத்து வருடங்கள் ஆகிவிட்டன, ஆயராகவும் ஆகிவிட்டார். பதின்மூன்று பாகங்கள் கொண்ட அந்த நூல் முழுவதும் கடவுளைப் பார்த்து "நீர்" என்று பேசுகிறது. எல்லாம் தெரிந்தவரிடம் எதற்காகக் கதை சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அவரே எழுப்புகிறார். தன் அன்பும் வாசிக்கிறவர்களின் அன்பும் கடவுளை நோக்கித் தூண்டப்படுவதற்காக என்று அவரே பதிலும் சொல்கிறார். எல்லாம் தெரிந்தவரிடம் வேஷம் போட முடியாது. அதனால்தானோ என்னவோ, ஒரு சின்னத் திருட்டைப் பற்றி அத்தனை பக்கங்கள் எழுதுகிறார். பதினாறு வயதில், கூட்டாளிகளோடு சேர்ந்து, பக்கத்துத் தோட்டத்து மரத்தில் பேரிக்காய் பறித்த கதை. பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். அப்புறம் ஏன் திருடினோம் என்று குடைகிறார், குடைகிறார், விடுவதாக இல்லை. பெரிய பாவங்களின் பட்டியல் கைவசம் இருந்தும் இந்த அற்பக் காரியத்தில் அவர் நின்றுவிட்டது எழுத ஆரம்பிக்கிற ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய இடம்.

சரி, ஏவுதல் பற்றி. சபைகளில் எழுத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் எரேமியா தீர்க்கதரிசியைத்தான் எடுப்பார்கள். இனி தேவனுடைய நாமத்தைச் சொல்லமாட்டேன் என்று தீர்மானித்தவருக்கு, எலும்புகளில் அடைபட்டு எரிகிற நெருப்பைப்போல அந்த வார்த்தை இருந்தது, தாங்க முடியவில்லை. அதே புத்தகத்தின் 36ஆம் அதிகாரத்தில், எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு என்பவன் சுருளில் எழுதுகிறான். குளிர்கால வீட்டில் நெருப்பருகே உட்கார்ந்திருந்த ராஜா யோயாக்கீம், மூன்று நான்கு பத்தி வாசிக்கப்பட்டதுமே சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டுச் சுருள் முழுவதையும் எரித்துவிடுகிறான். அவர்கள் இன்னொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுதுகிறார்கள், முன்பு இல்லாததையும் சேர்த்து. கையெழுத்துப் பிரதியைத் தொலைத்தவர்களுக்கு இதைவிட நல்ல ஆறுதல் கிடையாது.

ஆனால் அந்த நெருப்புக்காகக் காத்திருந்து ஒரு வரியும் எழுதாமல் போனவர்கள் ஏராளம். அவர்கள் லூக்காவின் முதல் நான்கு வசனங்களைப் படிக்க வேண்டும். அங்கே தரிசனம் எதையும் அவர் சொல்லவில்லை, வானத்திலிருந்து சத்தம் கேட்டதாகவும் சொல்லவில்லை. ஏற்கெனவே அநேகம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறார். பிறகு, ஆதிமுதல் எல்லாவற்றையும் விசாரித்து அறிந்த நானும் ஒழுங்காய் எழுதுவது "எனக்கு நலமாய்த் தோன்றிற்று" என்கிறார். தெயோப்பிலு என்று பெயர் சொல்லி ஒரு வாசகரையும் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் அவர் சொல்கிற காரணம். நல்லதென்று பட்டது, விசாரித்தார், எழுதினார். கெட்ட குமாரன் கதையும் நல்ல சமாரியன் கதையும் இந்த ஒரு சுவிசேஷத்தில் மட்டும்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வந்திருப்பது எரேமியாவின் நெருப்பா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். லூக்காவின் காரணம் போதும்.

தகுதி பற்றிய கேள்விக்கு ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனைப் பார்க்கலாம். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஓட்டை அடைக்கிற தொழில். கல்யாணமானபோது வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி கிடையாது என்று அவரே எழுதியிருக்கிறார். மனைவி கொண்டுவந்தது, அவள் தகப்பனார் விட்டுச்சென்ற இரண்டே இரண்டு பக்தி நூல்கள். அரசாங்கம் விதித்த ஒழுங்குக்கு வெளியே பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபர்ட் சிறையில் இருந்தார். 1678இல் வெளிவந்த அவருடைய கதை, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்று பல தலைமுறைகளுக்குத் தெரிந்தது, எத்தனை மொழிகளுக்குப் போனது என்று சொல்லி மாளாது.

தமிழில் அது போய்ச் சேர்ந்த இடம் இன்னும் சுவாரசியமானது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையை எடுத்து 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக அவர் வெளியிட்டது 1894இல். நடுவில் முப்பத்தாறு வருடங்கள். மதம் மாறினாலும் கம்பனை அவர் கீழே வைக்கவில்லை. ஈயம் பூசுகிறவர் எழுதிய எளிய உரைநடை, கம்பனின் சந்தத்தில் விருத்தமாக எழுந்து நிற்கிறது. "கிறிஸ்தவக் கம்பர்" என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. விசுவாசத்துக்கு வருவதற்கு முன்பு நீங்கள் படித்தது, ரசித்தது, பேசிய பாஷை எதையும் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியபோதும் இதையேதான் செய்தார். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிக்கொண்டிருந்த குறத்தியைக் கூப்பிட்டு பெத்லகேமுக்குக் குறி சொல்ல வைத்தார்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். சபைப் பத்திரிகைகளுக்கு வரும் சாட்சிக் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிற வேலை எனக்கு உண்டு. புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரைகளில் பாதிக்குமேல் ஒருவரே எழுதியதுபோல் இருக்கும். "கர்த்தருடைய பெரிதான கிருபையால்" என்று ஆரம்பிக்கும். "எல்லாத் துதியும் கனமும் மகிமையும் அவருக்கே" என்று முடியும். நடுவில் ஒரு ஆள் இருந்தார் என்பதற்கான தடயமே இருக்காது. ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "என் தகப்பனார் நித்திரையடைந்த வேளையில் சொல்லிமுடியாத சமாதானத்தால் நிரப்பப்பட்டேன்." அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இருபத்து மூன்றாம் சங்கீதம் சொல்லப் பார்த்தேன். 'புல்லுள்ள இடங்களில் மேய்த்து' வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து மனப்பாடம், ஆனாலும் வரவில்லை. எரிச்சலாக இருந்தது. பில் கட்டப் போய்விட்டேன்." சமாதானம்? "அது மூன்று நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது."

இதை எழுதுங்களேன் என்றேன். இதில் சாட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டார். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினவன் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும், தீர்ப்பை வாசிக்க வேண்டியது அவன் வேலை இல்லை என்றேன். அரைமனதாகத் திருத்தி எழுதினார். வராந்தா வந்தது, மறந்துபோன வரி வந்தது, பில் மட்டும் வரவில்லை. பில் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சுவிசேஷங்களே. சபையின் தலைவர்களில் ஒருவரான பேதுரு, ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து, அவரை எனக்குத் தெரியாது என்று சொன்னதை நான்கு சுவிசேஷங்களும் எழுதி வைத்திருக்கின்றன. நம் சாட்சிக் கட்டுரைகளாக இருந்தால் இது போயிருக்கும். யோவான் இன்னொன்றும் செய்கிறார். பேதுரு மறுதலிக்கிற இரவில், குளிருக்காக ஊழியக்காரர் மூட்டியது கரிநெருப்பு. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு கடற்கரையில் பேதுரு படகிலிருந்து இறங்கி வரும்போது அங்கே போட்டிருப்பதும் கரிநெருப்பு, மேலே மீன். அதன் அருகில் வைத்துத்தான் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்கப்படுகிறது. அந்த நெருப்பைப் பார்த்ததும் பேதுருவுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது என்று யோவான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருளை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கெட்ட குமாரன் கதையிலும், மூத்தவன் கடைசியில் விருந்துக்கு உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்வதே இல்லை. நாமாக இருந்தால் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அழ வைத்து, கட்டிப்பிடிக்க வைத்து, கீழே மூன்று பாடங்களும் எழுதியிருப்போம்.

சந்தேகத்தையும் கோபத்தையும் எழுதலாமா என்று உங்களுக்குத் தயக்கம் வரும். சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கை பக்கம் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதமோ திரும்புவதே இல்லை. தோழர்கள் விலகிப்போனார்கள் என்பதோடு இருட்டில் நின்றுவிடுகிறது. அதையும் யாரோ தொகுத்து, பாடகர் குழுவுக்குத் தலைப்பு போட்டு, ஆராதனைப் பாடல்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

எழுத்து பெருமையில் கொண்டுபோய் விடுமோ என்ற பயம் கிறிஸ்தவர்களுக்கே உரியது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தபோது, கவிதை தன் அழைப்புக்கு ஒத்துவராது என்று எழுதியவற்றை எரித்தார். ஏழு வருடம் கவிதை என்று சொல்லும்படி எதுவும் எழுதவில்லை. 1875 டிசம்பரில் ஒரு கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அருகே மணல்திட்டில் மோதி, ஜெர்மனியிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர்கள் இறந்தார்கள். செய்தி அவரை உலுக்கியது. இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று மடத்துத் தலைவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எழுதியதை அவருடைய சபையின் பத்திரிகையே போட மறுத்துவிட்டது என்பது வேறு கதை. 1889இல் அவர் இறந்தார். கவிதைகள் நூலானது 1918இல், நண்பர் ஒருவரின் முயற்சியால். எரித்தது சரியா என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு அது வீணாகத்தான் படுகிறது. ஆனால் புகழ் கிடைக்காமலும் ஒருவர் கடைசிவரை எழுதியிருக்கிறார் என்பது பெருமை பற்றிய பயத்துக்குப் பாதி பதில். மீதிப் பதிலை நீங்கள் எழுதிப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். எழுதாமல் இருப்பதிலும் ஒரு பெருமை உண்டு, அதையும் கண்காணித்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே பக்தி எழுத்தாக இருக்க வேண்டுமா? வேண்டாம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப். அந்த நாவலின் நாயகன் கிறிஸ்தவன் அல்லன், கதை மனமாற்றக் கதையும் அல்ல. வேடிக்கை, கிளைக்கதை, நீதி, பெண்கள் படிக்க வேண்டும் என்ற வாதம் என்று அது பாட்டுக்குப் போகிறது. எழுதியவரின் விசுவாசம், மனிதர்களை அவர் நடத்துகிற விதத்தில் இருக்கிறது. மறுபக்கம் வீரமாமுனிவர். அவருடைய 'தேம்பாவணி' 3615 பாடல்கள் கொண்டது, நாயகன் சூசை, அதாவது மரியாளின் கணவர் யோசேப்பு. சுவிசேஷங்களில் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்து போகிறார், சொன்னதைச் செய்கிறார். அப்படி வாயே திறக்காத ஒருவரை எடுத்து ஒரு காப்பியத்தையே அவர்மேல் கட்டியிருக்கிறார். வேதத்தை வாசிக்கும்போது "இவர் என்ன நினைத்திருப்பார்?" என்று உங்களுக்குத் தோன்றுகிற இடங்களைக் குறித்து வையுங்கள். கதை எழுதுவது பொய் சொல்வதாகாதா என்று சிலர் கேட்பார்கள். உவமைகளால் பேசினவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

முடிவை எழுத அவசரப்படாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748இல் கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டார். தன் மனமாற்றத்தை அந்த நாளிலிருந்தே கணக்கிட்டார். ஆனால் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். 1754 வரை அந்தத் தொழிலில் இருந்தார், உடல்நலம் கெட்டதால்தான் கடலை விட்டார். அந்தப் பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக. அடிமை வியாபாரத்தில் தன் பங்கைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு பிரசுரம் வெளியிட்டது 1788இல், புயலுக்கு நாற்பது வருடம் கழித்து. 1749இல் அவர் தன் சாட்சியை எழுதி "நான் முற்றிலும் மாறிவிட்டேன்" என்று முடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? உங்களுக்கு இப்போது தெரிவது எவ்வளவோ அவ்வளவை எழுதுங்கள். மீதி பின்னால் தெரியவரும், அப்போது எழுதலாம்.

இன்னொன்று. உங்கள் சாட்சியில் அடுத்தவர்களும் இருப்பார்கள். அப்பாவின் குடி, அண்ணன் வாங்கிய கடன், மனைவியின் கோபம், இவையெல்லாம் உங்கள் கதை மட்டும் அல்ல. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் அவர்களிடம் முதலில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். உங்கள் பாவத்தை எழுதத்தான் உங்களுக்கு முழு உரிமை.

நடைமுறைக்கு வருவோம். ஜெபம் முடிந்ததும் தோன்றுகிறது என்கிறீர்கள், அந்த நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி, ஜெபத்தையே எழுத்தில் செய்யுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் மாணவியாக இருந்தபோது, 1946, 47இல், இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். நல்ல எழுத்தாளராக்கும் என்று கூச்சமில்லாமல் கேட்கிறார், கேட்டதற்காக வருத்தப்படுகிறார், மறுபடியும் கேட்கிறார். கடைசிக் குறிப்பில், இன்றைக்கு பிஸ்கட்டையும் கெட்ட நினைப்பையும் அளவுக்குமீறித் தின்றேன், இனி என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டார். அடுத்த பதினேழு வருடங்கள் கதைகள் எழுதினார், முப்பத்தொன்பது வயதில் இறக்கும்வரை.

நோட்டு கொஞ்சம் நிறைந்ததும், அதில் ஒரு சம்பவத்தை எடுங்கள். இரட்சிப்பின் கதை முழுவதையும் எடுக்க வேண்டாம். ஒரு சாயங்காலம், ஒரு பேச்சு, சொல்ல வராத ஒரு மன்னிப்பு போதும். இரண்டு பக்கம். வசனம் ஒன்றுக்குமேல் வேண்டாம், அதுவும் அந்த நேரத்தில் உங்களுக்கு நிஜமாகவே ஞாபகம் வந்ததாக இருந்தால் மட்டும். எழுதியதை இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு எடுத்து, சபையில் வேறு யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். நிறையப் போகும், கவலைப்படாதீர்கள்.

மிச்சமிருப்பதை இரண்டு பேரிடம் காட்டுங்கள். சபையைச் சேர்ந்த ஒருவர், சபைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர். முதலாமவர் அநேகமாக "தேவனுக்கு மகிமை, அருமையாக இருக்கிறது" என்பார். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இரண்டாமவர் எந்த இடத்தில் புரியவில்லை என்கிறாரோ அந்த இடத்தைத் திருப்பி எழுதுங்கள். படித்து முடித்துவிட்டு அவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், அடுத்ததை ஆரம்பித்துவிடலாம்.